முத்திரை விழுந்த ஊர்கள்

இங்கோல்ஃப் டெஷ்கேயை ஊரில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கப்பலில் வேலை பார்த்தவர் இல்லை. பதினேழு வயதில் கடலோடிகளின் பயிற்சிப் பள்ளியில் சேர ராஸ்டாக் துறைமுகத்துக்குப் போனார். பாதி ஊர் பேருந்து நிறுத்தம் வரை வந்து வழியனுப்பியது. நாலே மாதத்தில் திரும்பிவிட்டார். அலையில் குடலைப் பிரட்டியது ஒரு பக்கம். படுக்கையில் வீட்டை நினைத்து அழுதது இன்னொரு பக்கம். வயிற்றுக் கோளாறு என்று சொல்லிப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை. பீர்க் கடையில் ஒருவன், "வாங்க கேப்டன், எந்தக் கடலைத் தாண்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு முப்பத்தொரு வருடம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் வண்டி ஓட்டினார். முழங்கால் பனியிலும் ஒரு நாள் வேலைக்குப் பிந்தியதில்லை. ஆனாலும் கேப்டன் கேப்டன்தான். பிரென்ஸ்லாவ் வட்டாரத்தில் ஒருவனுக்குப் பெயர் விழுந்தால், கல்லறைக் கல்லில் எழுதும்போதுதான் அது மாறும்.

மனைவி மார்லீஸ், ஆஸ்பத்திரியில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் நர்ஸ். இவர் எவ்வளவு வாய் திறக்காதவரோ அவள் அவ்வளவு பேசுவாள். "மாட்டுகிட்ட பேசுவான், மனுஷங்ககிட்ட பேசமாட்டான்" என்று அவரைப் பற்றி அவர் முன்னாலேயே சொல்வாள். பத்து வருடம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்தவன் ஹென்ரிக். தச்சு வேலை கற்றான். இருபத்தொரு வயதில், ஊர் ஊராக நடந்து வேலை செய்யும் தச்சர்களோடு சேர்ந்து கிளம்பினான். கறுப்புக் கார்டுராய் உடை, அகல விளிம்புத் தொப்பி, கையில் முறுக்குத் தடி. மூன்று வருடமும் ஒரு நாளும் வெளியே இருக்க வேண்டும். சொந்த ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் கால் வைக்கக்கூடாது. கைப்பேசி கிடையாது. போகிற ஊரில் நகர மன்றத்தில் முத்திரை வாங்கித் தன் புத்தகத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பாதியில் விட்டு வருகிறவனை அவர்களுக்குள் யாரும் மதிப்பதில்லை.

அவன் கிளம்பிய அன்று பீர்க் கடையில் இங்கோல்ஃப் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார். "கேப்டன் பையனாச்சே, எத்தனை மாசம்னு பந்தயம் கட்டுவோமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

ஒன்றரை வருடம் கழித்து, பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, தெற்கே டிங்கல்ஸ்பூலில் இருந்து நோர்ட்லிங்கன் போகும் சாலையில், மூடுபனியில் நடந்துபோன ஹென்ரிக் மேல் ஒரு கார் மோதியது. ஓட்டியவள் ஒரு பள்ளி ஆசிரியை. மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். மங்கலில் கறுப்பு உடை கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதியது. பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சொந்த ஊரில் நடந்த அடக்கத்துக்குப் பன்னிரண்டு தச்சர்கள் வந்தார்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி நின்றார்கள். ஐம்பது கிலோமீட்டர் கணக்கு அன்றைக்கு அவனுக்கு இல்லை.

மார்லீஸ் அழுது தீர்த்தபிறகு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்குப் பேசினவன் அப்புறம் பேசவே இல்ல பாத்தியா. ஒன்றரை மாசம். அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு தோணலையே அவனுக்கு."

உண்மையில், அவன் பேசியிருந்தான். பிப்ரவரி இரண்டாம் தேதி, மார்லீஸ் பணியில் இருந்தபோது வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தான். எடுத்தது இங்கோல்ஃப். அன்று மாலை அவள் வந்ததும் சொல்லியிருக்கலாம். அவனே மனம் மாறி நடந்துவிடுவான், எதற்கு இவளைக் கலக்க வேண்டும் என்று விட்டார். பதினோரு நாள் கழித்துப் போலீஸ் வாசலில் வந்து நின்றபிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அடக்கம் முடியட்டும் என்றார். பிறகு ஈஸ்டர் போகட்டும் என்றார். அவள் மகனைக் குறை சொல்லக் கேட்டுக்கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்.

மறு வருடம் மே மாதம் ஒரு காலையில் மார்லீஸ், மகனின் சாமான்களோடு திரும்பி வந்த முத்திரைப் புத்தகத்தைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லீவு சொல்லிட்டேன். வண்டியில போறோம். இதுல இருக்கற ஊர் ஒவ்வொண்ணுக்கும்."

"எல்லாத்துக்குமா?"

"முடிஞ்ச வரைக்கும். அவன் எங்க படுத்தான், என்ன தின்னான், யார் கூட சிரிச்சான்னு எனக்குத் தெரியணும். அவன் சொல்லல. ஊர்க்காரங்க சொல்லட்டும்."

புத்தகத்தின் கடைசி முத்திரை டிங்கல்ஸ்பூல். அவன் தொலைபேசியில் பேசிய ஊர். இங்கோல்ஃப் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார், ரொட்டி கிழிகிற வரை.

முதல் ஊர் டாங்கர்முண்டே. எல்பே ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் கோபுரமும் மதிலுமாக நிற்கிற ஊர். நகர மன்றத்தில் முத்திரை போடும் அம்மாள் புத்தகத்தைப் பார்த்ததும் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இவங்க முத்திரை கேக்கறதுக்கு ஒரு பாட்டு ஒப்பிக்கணும், தெரியுமில்ல? உங்க பையன் ரெண்டு வரி சொன்னான், மூணாவது மறந்துபோச்சு. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சான். அதே இடத்துல நின்னான். அப்புறம், 'மேடம், மீதியை அடுத்த ஊர்ல சொல்லிக்கறேன்'னான். நான் சிரிச்சிட்டுப் போட்டுக் குடுத்தேன்."

மார்லீஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடத்தில் அவள் சிரித்து இங்கோல்ஃப் பார்த்தது அப்போதுதான். வண்டியில் ஏறியதும், "ஸ்கூல்லயும் அப்படித்தான். மூணாவது வரியில நிப்பான்" என்றாள். ஆற்றுப் பாலம் கடக்கிறவரை அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

க்வெட்லின்பூர்கில் மரச்சட்ட வீடுகளைப் புதுப்பிக்கும் மேஸ்திரி ஸெல்ட்ஸர் அவர்களை ஒரு வீட்டின் மாடிக்குக் கூட்டிப்போனார். கூரைச் சட்டங்களில் ஒன்றைக் காட்டினார். பழைய கறுத்த உத்தரத்தில் புதிய வெளிர் மரம் பொருத்தியிருந்தது. மூட்டு முடி நுழையாத அளவுக்கு இறுக்கம்.

"இது அவன் செஞ்சது. நான் மறுபடி தொடவே இல்ல."

"சாப்பிட்டானா?" என்று மார்லீஸ் கேட்டாள். போகிற இடமெல்லாம் அவளுடைய முதல் கேள்வி அதுதான்.

"அவனா? என் பொண்டாட்டி நாலு பேருக்குச் சமைச்சா இவன் ஒருத்தன் பாதியை முடிச்சிடுவான். அவளும் இன்னொரு கரண்டி போடுவா. எனக்குத்தான் பாதி வயிறு."

மார்லீஸ் மூட்டைத் தடவிப் பார்த்தாள். இங்கோல்ஃபையும் கூப்பிட்டாள். அவர் கைவைத்தார். மரம் சில்லென்று இருந்தது. மேஸ்திரி அவரைப் பார்த்து, "அப்பாவைப் பத்தி நிறைய சொல்வான். பனியில கூட ஒரு நாள் லீவு போட்டதில்லையாமே நீங்க. 'எங்கப்பா விடமாட்டார், எடுத்தா முடிக்கணும்'பான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். இங்கோல்ஃப் படியிறங்கி வந்து தெருவில் நின்றுகொண்டார். எதிர்க் கடையில் பாலாடைக்கட்டி கேக்குக்கு வரிசை நின்றது. சுற்றுலா வந்தவர்கள் அவரை ஒரு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அந்த வீட்டைப் படம் எடுத்தார்கள்.

முல்ஹவுஸனில் ஒருவருக்கும் அவனை நினைவில்லை. முத்திரை போட்ட ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த பையன் புத்தகத்தைப் புரட்டி, "ஒரு மாசத்துக்கு எத்தனையோ பேர் வருவாங்க" என்றான். மார்லீஸ் மதிலடி பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இங்கோல்ஃபுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. இப்படியே எல்லா ஊரிலும் மறந்து போயிருக்கக் கூடாதா என்று நினைத்தார். நினைத்ததும் தன்னை நினைத்துக் கூசிப்போனார்.

தெற்கே போகப் போக அவர் வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தார்கள். ரோத்தன்பூர்கில் காலைச் சாப்பாட்டின்போது சொன்னார்:

"கிளட்ச்சுல சத்தம் வருது. இதுக்கு மேல போனா நடுவழியில நின்னுடும். இங்கேர்ந்தே திரும்பிடலாம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு எப்படிக் கேக்கும்."

"முப்பத்தொரு வருஷம் உன் வண்டிக் கதையைக் கேட்டவ நான். சரி, ஒர்க்‌ஷாப்ல காட்டலாம்."

ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றி ஒரு வட்டம் போய்விட்டு வந்தார். "ஒண்ணும் இல்லையே ஐயா. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார். காசும் வாங்கவில்லை. மார்லீஸ் கணவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"எதுக்குப் பயப்படற இங்கோல்ஃப்?"

சொல்லிவிட அதுதான் நேரம். வாய் வரை வந்தது. "அந்த ரோட்டைப் பாக்க வேணாம்னு இருக்கு" என்றார்.

அது பொய்யில்லை, உண்மையும் இல்லை. மார்லீஸின் முகம் இளகிவிட்டது. நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள். "எனக்கும்தான்டா. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துடலாம்" என்றாள். வண்டி நிறுத்துமிடம் வரை கையை விடவில்லை. அதற்குப் பதில் அவள் தன்னை அடித்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

டிங்கல்ஸ்பூலில் ஹென்ரிக் கடைசியாக வேலை செய்த தச்சுப் பட்டறை மதிலுக்கு உள்ளே, மீன் குளத்தை ஒட்டி இருந்தது. பட்டறைக்காரர் வேலைக்கு வெளியே போயிருந்தார். அவர் மனைவி வால்புர்கா வந்து கதவைத் திறந்தாள். பருத்த உடம்பு, சிவந்த கன்னம். அவர்கள் காட்டிய ஹென்ரிக்கின் படத்தைப் பார்த்ததுமே இருவரையும் சமையலறைக்குள் இழுத்துப்போய் உட்காரவைத்துக் காபி ஊற்றினாள். அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சாப்பிட்டானா?" என்று மார்லீஸ் கேட்டாள்.

வால்புர்கா கொஞ்சம் தயங்கினாள். "வந்த புதுசுல நல்லா சாப்பிட்டான். ஜனவரியில குறைஞ்சிடுச்சு. அவன் கூட நடந்த பையன் ஆஸ்திரியா பக்கம் போயிட்டான், இவன் தனியாயிட்டான். தூக்கமும் இல்ல. காலையில பட்டறைக்கு வந்தா மரத்தை வச்சிட்டுச் சும்மா நிப்பான். எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை திட்டினதில்ல. நான்தான் சொன்னேன், வீட்டுக்குப் பேசுடா, அம்மாகிட்ட பேசுன்னு. அப்புறம்தான் பேசினான்."

"எங்க பேசினான்?" என்றாள் மார்லீஸ். "கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவன் எங்களுக்குப் பேசவே இல்லைங்க."

"பேசினானே. இதோ, இந்த நடையில இருக்கற ஃபோன்லதான். எனக்கு நல்லா ஞாபகம், அன்னிக்குப் பிப்ரவரி ரெண்டு, கோயில்ல மெழுகுவர்த்தி மந்திரிக்கற நாள். நான் மெழுகுவர்த்தியோட உள்ள வர்றேன், இவன் ஃபோனை வச்சிட்டு நிக்கறான். என்னடா ஆச்சுன்னேன். 'அப்பா முடிச்சிட்டு வரச் சொல்லிட்டாரு'ன்னான். சிரிச்ச மாதிரிதான் சொன்னான். அன்னிக்குச் சாப்பிடல. மறுநாள்லேர்ந்து ஒழுங்கா வேலை செஞ்சான். பத்து நாள்ல வேலையை முடிச்சான். முத்திரை வாங்கினான். தெற்கே போறேன்னு கிளம்பிட்டான்."

தெற்கே. வீடு இருந்தது வடக்கே.

மார்லீஸ் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. காபியைக் குடித்து முடித்தாள். வால்புர்காவுக்கு நன்றி சொன்னாள். அவன் படுத்திருந்த அறையைப் பார்க்கிறீர்களா என்று வால்புர்கா கேட்டபோது, பார்க்கிறேன் என்று தனியாக மேலே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். வால்புர்கா இங்கோல்ஃபிடம், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லைங்க. நடந்ததைத்தான் சொன்னீங்க" என்றார்.

மதிலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பட்டப்பகல் வெயில். பக்கத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்திலிருந்து முதியவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மார்லீஸ் வண்டிக் கதவைத் திறக்காமல் நின்றாள்.

"என்ன சொன்னே அவன்கிட்ட? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

இங்கோல்ஃபுக்கு அது மனப்பாடம். ஒரு வருடமும் மூன்று மாதமும் தினம் தனக்குள் சொல்லிப் பார்த்தது.

"'முடியலப்பா, வந்துடறேன், வந்து கூட்டிட்டுப் போறியா'ன்னான். நான் சொன்னேன், 'ஒன்றரை வருஷம் நடந்தவனுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் நடக்க முடியாதா? பாதியில வந்தா இந்த ஊர் உன்னை என்னன்னு கூப்பிடும்னு எனக்குத் தெரியும். சாகற வரைக்கும் கூப்பிடும். முடிச்சிட்டு வா. அதுக்கு முன்னாடி வந்தா கதவு திறக்காது.'"

"கதவு திறக்காது."

"ஆமா."

"யார் வீட்டுக் கதவு அது?"

அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பினார்.

"ஒரு வருஷமா நான் அவனைத் திட்டிட்டு இருந்தேன்," என்றாள் மார்லீஸ். குரல் உயரவில்லை. நோயாளிகளிடம் பேசும் குரல். "கல்லறைக்குப் போய்க்கூட திட்டினேன். ஏன்டா பேசலன்னு. நீ பக்கத்துல நின்னு பூவுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தே."

பிறகு வண்டியில் ஏறினாள். அந்தச் சாலைக்குப் போகலாம் என்றாள். போனார்கள். ஒரு ஆப்பிள் தோப்பை ஒட்டித் தச்சர்கள் ஒரு மரச்சிலுவை நட்டிருந்தார்கள். பெயரும் இரண்டு தேதிகளும் செதுக்கியிருந்தது. மார்லீஸ் இறங்கிப் போனாள். இங்கோல்ஃப் இறங்கப்போனபோது, "நீ இரு" என்றாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிலுவைக்கு முன்னால் நின்று ஏதோ பேசினாள். வெகு நேரம் பேசினாள். லாரிகள் போகும்போது அவள் கோட்டு படபடத்தது.

வீடு திரும்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பெட்ரோல் போட நிறுத்தியபோது ஒரே ஒரு தடவை, "ரொட்டி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் சாப்பிட்டாள்.

அவள் அவரை விட்டுப் போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கிரைஃப்ஸ்வால்டில் அவளுடைய தங்கை இருந்தாள். போகவில்லை. மேல்மாடியில் ஹென்ரிக்கின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். தேவையானதைப் பேசினாள். முன்பு ஓயாமல் பேசிய வாய், வீட்டுக்குள் மட்டும் மூடிக்கொண்டது. ஊரில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கனமாக இருந்தது. பீர்க் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். தெருவில் யாராவது, "என்ன கேப்டன், ஆளையே காணோம்?" என்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் எப்போதாவது, ஒரு மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மார்லீஸ் கேட்பாள். ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான்.

"அவன் குரல் எப்படி இருந்துச்சு?"

"சளி பிடிச்ச மாதிரி."

அவ்வளவுதான். தட்டைக் கழுவப் போய்விடுவாள். அடுத்த தடவை:

"என்னைக் கேட்டானா?"

"கேட்டான். நீ டியூட்டில இருக்கேன்னு சொன்னேன்."

இன்னொரு தடவை, உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே கேட்டாள்:

"நீ கதவு திறக்காதுன்னதுக்கு அப்புறம் அவன் என்ன சொன்னான்?"

"'சரிப்பா'ன்னான்."

"அப்புறம்?"

"வச்சிட்டான்."

அவள் தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அவரும் சாப்பிட்டார். எந்தக் கேள்விக்கும் அவர் ஒருமுறைகூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி மூன்று வருடம் போனது. போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அவள் ஓய்வு பெற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. சூப் குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வழக்கமான கேள்விதான் வரப்போகிறது என்று அவர் காத்திருந்தார்.

"நான் எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சுப் பாக்கறேன்," என்றாள். "வாடா கண்ணுன்னு சொல்லியிருப்பேன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். இப்பத் தெரியல. நானும் ரெண்டு வாரம் பொறுத்துப் பாருன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியல இங்கோல்ஃப். அவனை எங்கிட்ட கேக்கவே விடலையே நீ."

அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சூப்பை முடித்துவிட்டுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய்த் துண்டை எடுத்து, அவள் கழுவித் தருகிற கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.